மணிக்கு 1,440 சுழற்சி

அன்புள்ள ஐயா,

பிரிட்டனில் ஆன்லைன் ஸ்லாட்டின் (பொத்தானை அழுத்தினால் படங்கள் சுழன்று நிற்கும் சூதாட்டம்) வேகத்துக்கும், தானாகவே தொடர்ந்து சுழலும் ஆட்டோபிளேவுக்கும் கட்டுப்பாடு உண்டு என்று எழுதியிருந்தீர்கள். ஆடியே தீருவேன் என்பவர் எப்படியும் ஆடத்தானே போகிறார்? இந்த விதிகளால் யாருக்கு என்ன பயன்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கை ஓடுகிற வேகத்துக்குப் புத்தி ஈடுகொடுக்க முடியாமல் தவிப்பவருக்குப் பயன் உண்டு. 2021 அக்டோபர் 31 முதல் அங்கே ஒரு சுழற்சிக்குக் குறைந்தது 2.5 விநாடி ஆக வேண்டும். ஆட்டோபிளே கிடையாது, ஒவ்வொரு முறையும் ஆடுபவரே அழுத்த வேண்டும்.

என் பார்வையில் இதைவிடப் பெரிய விஷயம் சத்தம். படங்கள் பொருந்தினால் பணம் தரும் 20 கோடு, கோட்டுக்கு 5 பென்ஸ் என ஒருவர் 1 பவுண்டு கட்டுகிறார். ஒரு கோட்டில் 30 பென்ஸ் விழுகிறது. முன்பு இதற்கும் மணியடிக்கும், திரையில் காசு கொட்டும். போனது 70 பென்ஸ், மனதில் பதிவதோ ஜெயித்த நினைப்பு. இப்போது கட்டிய தொகையைத் தாண்டாத வரவுக்குக் கொண்டாட்டம் கூடாது. ஆடிய நேரமும் நிகர வரவு நஷ்டமும் கண்முன் தெரிய வேண்டும்.

ஆனாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2.5 விநாடி என்றால் மணிக்கு 1,440 சுழற்சி. 2025 ஏப்ரல் முதல் ஒரு சுழற்சிக்குக் கட்டக்கூடிய உச்சவரம்பு 5 பவுண்டு. 25 வயதுக்குக் கீழே, மே முதல், 2 பவுண்டு. நூற்றுக்கு 95 திருப்பித் தரும் ஆட்டத்தில் 5 பவுண்டு வீதம் விடாமல் ஆடினால் மணிக்குச் சராசரியாக 360 பவுண்டு கரையும். ஜெர்மனியில் 5 விநாடி, 1 யூரோ. அதே கணக்கில் 36 யூரோ. வேகத்தடை நஷ்டத்தைப் பாதியாக்கியது, தொகை வரம்பு அதை மேலும் ஐந்தில் ஒன்றாக்கியது.

ஆகவே ஆடுபவர் பணம் போகிற வழியில் பூட்டுப் போட வேண்டும். முதல் பந்தயத்துக்கு முன்பே டெபாசிட் வரம்பு, அதாவது ஆட்டக் கணக்கில் போடும் பணத்துக்கு வரம்பு, வைக்கலாம். பிரிட்டனில் வரம்பைக் குறைத்தால் தாமதமில்லை. கூட்ட 24 மணி நேரம் காத்திருந்து மறுபடி உறுதி செய்ய வேண்டும். அந்த ஒரு நாளில்தான் விட்டதைப் பிடிக்கும் வெறி தணியும். அதுவும் போதாதென்றால், ஆடுபவர் தன்னைத் தானே விலக்கிக்கொள்ளும் பதிவேடான கேம்ஸ்டாப்பில் (GAMSTOP) பதியலாம்: 6 மாதம், 1 வருடம் அல்லது 5 வருடம், அங்கே உரிமம் பெற்ற எல்லாத் தளமும் ஒரே பதிவில் மூடிக்கொள்ளும். உரிமமில்லாத தளங்கள் இதற்குள் வராது. அதற்காக வங்கி அட்டையிலும் சூதாட்டத் தடையைப் போட்டுவிடச் சொல்லுங்கள். வணிகரின் வகைக் குறியீட்டை வைத்து வங்கி மறுப்பதால், வேறு வியாபாரம் போல வேஷமிட்டு வரும் தளம் மட்டும் அதில் நழுவிவிடும்.