அமெரிக்காவுல காட்டுக் குதிரைகளை ஹெலிகாப்டர் வெச்சு விரட்டிப் பிடிச்சு தத்துக் குடுக்கறாங்களே, இது கொடுமை இல்லையா?

அந்த ஹெலிகாப்டர் வீடியோவைப் பாத்துட்டுத்தான் கேக்கறீங்கன்னு நினைக்கறேன். பாக்க சகிக்காதுதான். ஆனா நாங்க இருக்கறது நெவாடாவுல, ரீனோவுக்குப் பக்கத்துல. அப்படிப் பிடிபட்ட பெட்டைக் குதிரை ஒண்ணு எங்க கொட்டில்ல நிக்குது, அதனால பேசாம போக மனசு வரல.

1971ல நிக்சன் கையெழுத்துப் போட்ட சட்டம் வந்ததுலேர்ந்து அரசாங்க நிலத்துல இதுங்களைத் தனி ஆள் யாரும் பிடிக்கவோ கொல்லவோ கூடாது. நல்ல சட்டம். ஆனா நாலஞ்சு வருஷத்துல கூட்டம் ரெட்டிப்பாயிடுது. குதிரை கழுதை ரெண்டும் சேத்து ஏறக்குறைய 27,000தான் நிலம் தாங்கும்னு நில நிர்வாகத் துறை, அதாவது பி.எல்.எம்., கணக்கு வெச்சிருந்துது, ஆனா 2020ல இருந்ததோ 95,000. அந்தக் கணக்கே மாட்டுப் பண்ணைக்காரங்களுக்குச் சாதகமா போட்டதுன்னு சண்டைக்கு வருவீங்க, அதே நிலத்துல மாடும் மேயுதுதானே, நியாயம்தான். ஆனா வத்திப்போன ஊத்துக்கிட்ட விலா எலும்பு தெரிய நிக்கற குட்டியைப் பாத்தா அப்படியே விட்டுடுங்கன்னு சொல்ல வாய் வராது.

எங்களோடது பாலோமினோ வேலிங்கற இடத்துல இருக்கற பி.எல்.எம். மையத்துலேர்ந்து வந்தது. கட்டணம் 125 டாலர்தான், ஆனா முதல்லயே ஆறடி வேலி, 400 சதுர அடி இடம், ஒதுங்க ஒரு கூரை எல்லாம் தயாரா இருக்கணும். வேலி போட அட்வான்ஸ் வாங்கின கான்ட்ராக்டர் பாதிக் கம்பம் நட்டுட்டு போனையே எடுக்கல, இந்த ஊர்ல சின்ன வேலைக்கு ஆள் பிடிக்கறது அவ்வளவு பெரும்பாடு, கடைசியில வீட்டுக்காரர்தான் லீவு போட்டு மிச்சத்தை முடிச்சார், அந்தப் பணம் போனது போனதுதான்.

வந்தப்ப கழுத்துக் கயித்துல நம்பர் தகடு. இடது பக்கம் பிடரிக்குக் கீழ திரவ நைட்ரஜன்ல குளிர வெச்ச இரும்பால போட்ட முத்திரை, அந்த இடத்துல மட்டும் முடி வெள்ளையா முளைச்சிருக்கும். கேரட் நீட்டினா மோந்துட்டு மூஞ்சியத் திருப்பிக்கும், அதுக்குத் தெரிஞ்சது காஞ்ச புல் மட்டும்தான். என் பொண்ணு வாளியைக் கவுத்துப் போட்டு உள்ள உக்காந்து பாடப் புத்தகத்தை சத்தமா படிப்பா, அது பக்கம் திரும்பவே மாட்டா. அதுவா வந்து அவ முதுகுல மூக்கை வெக்கற வரைக்கும் யாரும் அதைத் தொடப் போகல. பணக்காரப் பொழுதுபோக்குன்னு எழுதப் போறவங்களுக்கு, புல் விலை ஏறினா எங்களுக்கும் கையக் கடிக்கும்.

எனக்குக் கோவம் வர்றது வேற இடத்துல. 2019ல, தத்தெடுக்கறவங்களுக்கு அரசாங்கமே 1,000 டாலர் குடுக்கும்னு அறிவிச்சாங்க. ஒரு வருஷத்துக்கு அப்புறம் குதிரை நம்ம பேருக்கு வந்துடும், பிறகு வித்தாலும் கேள்வி இல்ல. பணத்துக்காகவே எடுத்துட்டுப் போய் கசாப்புக்குக் குதிரை வாங்கறவன் வர்ற ஏலத்துல தள்ளிட்டாங்க சிலர். கோர்ட்டு அந்தத் திட்டத்தை ரத்து பண்ண 2025 வரைக்கும் ஆச்சு.

தத்து மட்டும் போதாதுங்க. பிடிச்சு அடைச்சு வெச்சிருக்கறதே 60,000க்கு மேல, குதிரைக்குன்னு ஒதுக்கற பணத்துல பாதிக்கு மேல அதுங்களை வெச்சுக் காப்பாத்தவே போயிடுது. இங்க வர்ஜீனியா மலைத்தொடர்ல தன்னார்வலர்கள் நிறத்தையும் நெத்தி வெள்ளையையும் வெச்சு ஒவ்வொரு பெட்டையையும் அடையாளம் கண்டு, பி.இசட்.பி.ங்கற கருத்தடை ஊசியை டார்ட்ல, அதாவது தூரத்துலேர்ந்து துப்பாக்கியால அடிக்கற ஊசியில, சுடறாங்க. திரும்பத் திரும்பப் போடணும், ஆள் கிட்டயே போக முடியாத பெரிய வெளிகள்ல கஷ்டம், தெரியும். ஆனாலும் ரவுண்டப்பை, அதாவது இந்த ஹெலிகாப்டர் விரட்டலை, நிறுத்தச் சொல்லி மனு போடறவங்க, இந்த டார்ட்டுக்குப் பணம் ஒதுக்கச் சொல்லியும் ஒரு வரி சேத்தா நானும் கையெழுத்துப் போடறேன்.