ஒரே அச்சா, தனித்தனிச் சக்கரங்களா? மஸ்டாங் பற்றி வாசகர் கேள்விகள்

ஃபோர்டு மஸ்டாங் என்ற அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார், பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே கெட்டி அச்சில் பூட்டும் சாலிட் ஆக்ஸிலைக் கைவிட்டு, ஒவ்வொரு சக்கரமும் தனியாக ஏறி இறங்கும் தனித்த சஸ்பென்ஷனுக்கு மாறிப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் 2014 வரை வந்த வண்டி சிறந்ததா, அதற்குப் பின் வந்தது சிறந்ததா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. பழைய மஸ்டாங் வாங்க நினைப்பவர்களிடமிருந்தும் ஏற்கெனவே வைத்திருப்பவர்களிடமிருந்தும் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

பழைய மஸ்டாங் ஜிடி ஒன்று வாங்கும் எண்ணம் இருக்கிறது. 2014 மாடல் மலிவாகக் கிடைக்கிறது. 2015 மாடலுக்குக் கூடுதலாகக் கேட்கிறார்கள். பின் சஸ்பென்ஷன் மாறியதை ஓட்டும்போது உண்மையிலேயே உணர முடியுமா? (டொரண்டோ வாசகர்)

உணர முடியும். வழவழப்பான நெடுஞ்சாலையில் அல்ல, மேடுபள்ளம் உள்ள வளைவில்.

சாலிட் ஆக்ஸிலில் இடது, வலது பின் சக்கரங்களை ஒரே கெட்டியான இரும்புக் கூடு இணைக்கிறது. இன்ஜின் விசையை இரு சக்கரங்களுக்கும் பகிரும் டிஃபரன்ஷியலும் அந்தக் கூட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஒரே நுகத்தடியில் பூட்டிய இரண்டு மாடுகளைப் போல, ஒரு சக்கரம் இடறினால் மற்றதும் தடுமாறும். இடது சக்கரம் ஒரு மேட்டில் ஏறும்போது கூடு முழுவதும் சாய்கிறது. சமதரையில் ஓடும் வலது சக்கரமும் கூடவே சாய்ந்து, அதன் டயர் தரையில் பதியும் பரப்பு குறைகிறது. வளைவின் நடுவில் இது நடந்தால் வண்டியின் பின்பக்கம் ஓர் அடி பக்கவாட்டில் எட்டி வைத்தது போலத் தோன்றும். 2005 முதல் 2014 வரையான மஸ்டாங்கை மோசமான சாலையில் ஓட்டியவர்கள் எல்லோருக்கும் அந்த உணர்வு தெரியும்.

எடை இதைவிடப் பெரிய சிக்கல். ஸ்பிரிங்கும் டாம்பரும் (ஷாக் அப்சார்பர்) அடக்க வேண்டியது சக்கரத்தோடு மேலும் கீழும் ஆடும் பொருள்களை. சாலிட் ஆக்ஸிலில் கூடு, டிஃபரன்ஷியல், உள்ளே சுழலும் பற்சக்கரங்கள் எல்லாம் சேர்ந்து ஆடுகின்றன. ஆடும் எடை கூடினால் டயரைத் தரையோடு பிடித்து வைப்பது கடினம். 2015-இல் ஃபோர்டு டிஃபரன்ஷியலைத் தூக்கி, உடலோடு இணைந்த துணைச் சட்டத்தில் மாட்டிவிட்டது. இப்போது ஆடுவது சக்கரம், பிரேக், சக்கரத்தைத் தாங்கும் அலுமினிய நக்கிள், அதைத் துணைச் சட்டத்தோடு இணைக்கும் கைகள், சக்கரத்தைச் சுழற்றும் குட்டையான ஷாஃப்ட் ஆகியவை மட்டும்தான்.

பனிக்காலம் முடிந்ததும் உங்கள் ஊர்ச் சாலைகள் எப்படி இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். தினமும் ஓட்டப்போகிற வண்டி என்றால் கூடுதல் விலையைக் கொடுத்து 2015 வாங்குங்கள். இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

தனித்த சஸ்பென்ஷன் எடை குறைவு என்கிறீர்கள். ஆனால் 2015 ஜிடியின் மொத்த எடை முந்தையதைவிடக் கூடியிருக்கிறதே?

கூடியது உண்மை; ஏறக்குறைய 40 கிலோ. துணைச் சட்டம், கூடுதல் கைகள், இணைப்புகள் எல்லாம் எடைதான். நான் சொன்னது ஸ்பிரிங்குக்குக் கீழே ஆடும் எடையை. மொத்த எடை சற்றுக் கூடி ஆடும் எடை குறைவது, சாலையைப் பொறுத்தவரை லாபமான பேரம்.

2005-இல் மஸ்டாங்கை அடியிலிருந்து புதிதாக வடிவமைத்தார்கள். அப்போதே ஏன் மாற்றவில்லை? (சிட்னி வாசகர்)

எனக்கு இன்றும் ஆதங்கம் தரும் விஷயம் இது. 1964-இல் வந்த முதல் மஸ்டாங், ஃபால்கன் என்ற சாதாரணக் குடும்பக் காரின் பாகங்களில் பிறந்தது. பின்னால் லீஃப் ஸ்பிரிங்கில் (பட்டை ஸ்பிரிங்) உட்கார்ந்த சாலிட் ஆக்ஸில். மலிவாகத் தர வேண்டும் என்பதே அதன் பிறவி நோக்கம். 1979-இல் காயில் ஸ்பிரிங்கும் (சுருள் ஸ்பிரிங்) நான்கு இணைப்புக் கம்பிகளும் வந்தன. அச்சு மட்டும் மாறவில்லை.

1999-இல் ஒரு முயற்சி நடந்தது. எஸ்விடி கோப்ரா என்ற உயர்ரக மஸ்டாங்குக்குத் தனித்த சஸ்பென்ஷன் கொடுத்தார்கள். ஆனால் அதற்காகக் காரின் உடலை மாற்றவில்லை. சாலிட் ஆக்ஸில் மாட்டியிருந்த அதே இடங்களில் பொருந்தும்படி ஒரு குழாய்ச் சட்டம் செய்து, அதன்மேல் எல்லாவற்றையும் ஏற்றினார்கள். கெட்டிக்காரத்தனமான வேலைதான், இடுக்கில் செய்த வேலையும்கூட. கைகளின் நீளம், அவை மாட்டும் உயரம் எல்லாம் கிடைத்த இடத்துக்கு ஏற்ப அமைந்தன. வளைவுகளில் அந்தக் கார் மற்ற மஸ்டாங்குகளைவிடத் தெளிவாக நன்றாக ஓடியது. நேர்கோட்டுப் பந்தயக்காரர்களோ சக்கரம் குதிக்கிறது, ஷாஃப்ட் முறிகிறது என்று சொல்லி, அதைக் கழற்றிப் போட்டுச் சாலிட் ஆக்ஸிலையே திரும்ப மாட்டினார்கள். ‘மஸ்டாங் வாடிக்கையாளருக்குத் தனித்த சஸ்பென்ஷன் வேண்டாம்’ என்ற பேச்சு இங்கிருந்துதான் வலுப்பெற்றது.

2005-இல் மூன்று இணைப்புகளும் பக்கவாட்டைப் பிடிக்க ஒரு பன்ஹார்டு கம்பியும் கொண்ட சாலிட் ஆக்ஸில் வந்ததற்கு ஃபோர்டு சொன்ன காரணங்கள் செலவும் இந்த ரசிகர்களின் விருப்பமும்தான். அடிப்படை மாடலை 20,000 டாலருக்குள் விற்றார்கள் என்பதால் செலவு பற்றிய காரணத்தை நான் மறுக்கவில்லை. இரண்டாவது காரணம் எனக்கு ஒப்பவில்லை. கோப்ராவில் சறுக்கியது அவசரமாகப் பொருத்திய ஓர் அமைப்பு. கொள்கையே தவறு என்று அதை வைத்துத் தீர்ப்பு எழுதியிருக்கக் கூடாது. உங்கள் நாட்டிலேயே ஃபோர்டின் ஆஸ்திரேலியக் கிளை 2002-இல் ஃபால்கன் செடானுக்கு நல்ல தனித்த பின் சஸ்பென்ஷன் கொடுத்து விற்றுக்கொண்டிருந்தது. மஸ்டாங்கின் போட்டிக் கார்களில் 2008-இல் டாட்ஜ் சேலஞ்சரும் 2010 மாடலாக செவர்லே கேமரோவும் தனித்த சஸ்பென்ஷனோடு வந்தன. 2005-இலேயே செய்திருக்க வேண்டியதைப் பத்தாண்டுகள் தாமதமாகச் செய்துதான் மஸ்டாங் அவற்றோடு சேர்ந்தது.

நேர்கோட்டுப் பந்தயத்துக்குச் சாலிட் ஆக்ஸில்தான் சிறந்தது என்று எல்லோரும் சொல்கிறார்கள். இயற்பியல் உண்டா, வெறும் நம்பிக்கையா? (துபாய் வாசகர்)

இயற்பியல் உண்டு. சொல்லப்படும் அளவுக்கு முழுமையான வெற்றி இல்லை.

முதலில் சாலிட் ஆக்ஸிலின் பலம். கால் மைல் ஓட்டத்தின் தொடக்கத்தில் முழு வேகத்தில் கிளம்பும்போது காரின் பின்பக்கம் அமுங்கும். தனித்த சஸ்பென்ஷனில் அமுங்க அமுங்க சக்கரங்களின் மேற்பகுதி உட்புறமாகச் சாயும். டயரின் உள் ஓரம் மட்டும் அழுந்தும். சாலிட் ஆக்ஸிலில் எவ்வளவு அமுங்கினாலும் டயர் தட்டையாகவே இருக்கும். இன்னொன்று: சக்கரத்தைச் சுழற்றும் விசையின் எதிர்வினையாக அச்சுக் கூடு தன் மூக்கை மேலே தூக்கப் பார்க்கிறது. இணைப்புக் கம்பிகளைச் சரியான கோணத்தில் வைத்தால், அந்தத் திருகல் காரின் உடலைத் தூக்கி டயரைத் தரையில் அழுத்தும். தனித்த சஸ்பென்ஷனில் இந்தத் திருகலை டிஃபரன்ஷியல் மாட்டியிருக்கும் ரப்பர் புஷ்கள் (அதிர்வு தாங்கும் ரப்பர் வளையங்கள்) தாங்க வேண்டும். அவை முறுகும், திரும்பும், மறுபடி முறுகும். சக்கரம் தடதடவென்று குதிக்கும். ஷாஃப்ட் முறிவது பெரும்பாலும் அந்தக் குதிப்பில்தான். 2015 மஸ்டாங்கிலும் இந்தக் குறை இருந்தது; துணைச் சட்டத்தை இறுக்கிப் பிடிக்கும் உதிரிப் பாகங்களுக்கு நல்ல சந்தை உருவானதே அதற்குச் சாட்சி.

சாலிட் ஆக்ஸிலின் பலவீனம் ஒன்றைப் பலரும் சொல்வதில்லை. முன்னாலிருந்து பின் அச்சுக்கு விசையைக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்டின் சுழற்சி அச்சுக் கூட்டையும் தன்னோடு திருப்பப் பார்க்கும். வலது பின் சக்கரத்தின் மேல் அழுத்தம் குறையும். அதனால்தான் பந்தயக்காரர்கள் வலது பின் ஸ்பிரிங்குக்குள் காற்றுப் பை வைத்து ஊதுகிறார்கள். டிஃபரன்ஷியல் உடலோடு மாட்டியிருக்கும் காரில் அந்தத் தொல்லையே இல்லை.

ஃபோர்டு தொழிற்சாலையே கட்டி விற்ற கோப்ரா ஜெட் பந்தய மஸ்டாங், 2015-க்குப் பிறகும் சாலிட் ஆக்ஸிலோடுதான் வந்தது. பந்தயம் மட்டுமே தொழில் என்றால் இன்றும் அதுதான் எளிய, உறுதியான வழி. அதேசமயம் 840 குதிரைத்திறன் கொண்ட 2018 டாட்ஜ் சேலஞ்சர் டெமன், தனித்த பின் சஸ்பென்ஷனோடு முன் சக்கரங்களைத் தூக்கிக் கிளம்பி, கால் மைலை 9.65 விநாடியில் முடித்தது. தடித்த ஷாஃப்ட், இதற்கென்றே அமைத்த டாம்பர், சரியான டயர் மூன்றும் சேர்ந்தால் ‘முடியவே முடியாது’ என்பதற்கு இடமில்லை. மாதம் ஒரு முறை டிராக்குக்குப் போகிறவர் இதற்காக 2014-ஐத் தேடி அலைய வேண்டாம்.

பாஸ் 302 என்ற சிறப்பு மஸ்டாங் சாலிட் ஆக்ஸிலோடு பிஎம்டபிள்யூ எம்3-க்கே சவால் விட்டதே? அப்படியானால் இந்த விவாதம் எதற்கு?

லகுனா செகா பந்தயத் தளத்தில் அப்போதைய எம்3-ஐ முந்த வேண்டும் என்பதை இலக்காக வைத்துத்தான் ஃபோர்டு பொறியாளர்கள் பாஸ் 302-ஐ உருவாக்கினார்கள். சிறந்த கார், எனக்கு மிகவும் பிடித்த மஸ்டாங்குகளில் ஒன்று. கவனமாகச் சரிப்படுத்திய சாலிட் ஆக்ஸில், அரைகுறையாகச் செய்த தனித்த சஸ்பென்ஷனைவிட எப்போதும் மேல். ஆனால் பந்தயத் தளத்தின் பரப்பு வழவழப்பானது. ஒரு சக்கரம் மட்டும் குழியில் இறங்கும் நிலை அங்கே அரிது. சாலிட் ஆக்ஸிலின் குறை வெளிப்பட வாய்ப்பே குறைவு. அதே காரை ஒட்டுப்போட்ட கிராமச் சாலையில் அதே வேகத்தில் ஓட்டினால் விவாதம் எதற்கென்று தெரிந்துவிடும்.

2012 ஜிடி வைத்திருக்கிறேன். பன்ஹார்டு கம்பியை எடுத்துவிட்டு வாட்ஸ் லிங்க் போடச் சொல்கிறார்கள். பணத்துக்கு ஏற்ற பலன் உண்டா?

பன்ஹார்டு கம்பியின் ஒரு முனை அச்சிலும் மறு முனை உடலிலும் மாட்டியிருக்கும். அச்சு மேலேறி இறங்கும்போது கம்பி ஒரு வில் போன்ற பாதையில் நகர்வதால், அச்சு கொஞ்சம் பக்கவாட்டிலும் நகர்கிறது. வாட்ஸ் லிங்க்கில் இரண்டு கம்பிகளும் நடுவில் சுழலும் ஒரு துண்டும் சேர்ந்து அச்சை ஏறக்குறைய நேர்கோட்டில் ஏறி இறங்க வைக்கின்றன. நீராவி எந்திரத்துக்காக 18-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் வாட் கண்டுபிடித்த அதே பொறிமுறைதான்.

வாட்ஸ் லிங்க் நல்ல பொருள்தான். ஆனால் கூடுதல் எடை, கூடுதல் சத்தம், கூடுதல் செலவு. டிராக்குக்கு அடிக்கடி போகிறவர்தான் பலனை முழுமையாக அனுபவிப்பார். நீங்கள் காரைத் தாழ்த்தியிருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். தாழ்த்திய மஸ்டாங்கில் அச்சு ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கும். நீளத்தைச் சரிசெய்யக்கூடிய பன்ஹார்டு கம்பி ஒன்றே அதைச் சரிப்படுத்தும். அதன் பிறகு நல்ல டாம்பர்கள். வாட்ஸ் லிங்க் மூன்றாவது.

எங்கள் வீட்டில் மஹிந்திரா ஸ்கார்பியோ-என் இருக்கிறது. அதிலும் பின்னால் சாலிட் ஆக்ஸில்தான் என்கிறார்கள். மஸ்டாங்கே கைவிட்டதை ஏன் வைத்திருக்கிறார்கள்? (கோயம்புத்தூர் வாசகர்)

வேலை வேறு என்பதால். அதில் இருப்பது ஐந்து இணைப்புகள் கொண்ட சாலிட் ஆக்ஸில். பக்கவாட்டைப் பிடிப்பது மேலே சொன்ன அதே வாட்ஸ் லிங்க். பாரம் ஏற்றவும் கரடுமுரடான தரையில் ஊர்ந்து போகவும் வேண்டிய வண்டிக்குக் கெட்டி அச்சு நல்ல துணை. ஒரு சக்கரம் ஏறினால் மற்றது கீழே அழுந்தும். டிஃபரன்ஷியல் கூடும் சக்கரத்தோடு சேர்ந்து மேலே போவதால் அதன் அடியில் இடைவெளி குறையாது. டொயோட்டா ஃபார்ச்சூனரும் இந்தக் காரணங்களால்தான் பின்னால் சாலிட் ஆக்ஸில் வைத்திருக்கிறது. ஸ்போர்ட்ஸ் காருக்குச் சொன்னதை இவற்றின்மேல் ஏற்ற வேண்டாம்.

அமெரிக்காவின் நாஸ்கார் பந்தயக் கார்கள் இன்னும் சாலிட் ஆக்ஸில்தானே?

அதன் முதன்மையான கப் தொடரில் 2021 வரை அப்படித்தான். 2022-இல் வந்த புதிய தலைமுறைக் காரில் தனித்த பின் சஸ்பென்ஷன் வந்துவிட்டது.

2016 மஸ்டாங் வாங்கியிருக்கிறேன். பின்பக்கத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

பழைய மஸ்டாங்கில் பின் சக்கர அலைன்மென்ட் என்ற பேச்சே கிடையாது. அச்சு வளைந்தால் ஒழிய அது மாறாது. உங்கள் காரில் பின் சக்கரங்களின் சாய்வும் திசையும் மாறக்கூடியவை. எனவே நான்கு சக்கர அலைன்மென்ட் பார்க்கத் தெரிந்த இடத்துக்கே போங்கள். டயரின் உள் ஓரத்தைக் கையால் தடவிப் பாருங்கள். வெளியே புதிதுபோல் தெரியும் டயர் உள்ளே நூல் தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கலாம், குறிப்பாக முந்தைய உரிமையாளர் காரைத் தாழ்த்தியிருந்தால். ஷாஃப்ட் முனைகளில் உள்ள ரப்பர் உறை கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கிறதா, துணைச் சட்டத்தின் புஷ்கள் வெடித்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். கிளம்பும்போது பின்னாலிருந்து ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்டால் புஷ்ஷிலிருந்தே தேடலைத் தொடங்குங்கள்.

என்னிடம் 2011 ஜிடி இருக்கிறது. 2015-இன் பின் சஸ்பென்ஷனை அப்படியே கழற்றி இதில் பொருத்த முடியுமா?

நேரடியாகப் பொருந்தாது. துணைச் சட்டம் மாட்டும் இடங்களே உங்கள் காரின் உடலில் இல்லை. வெட்டி, ஒட்டி, வலுவூட்ட வேண்டும். செய்து முடித்தாலும் முன்பக்கம் பழையதாகவே இருக்கும். 2015-இல் ஃபோர்டு முன் சஸ்பென்ஷனையும் புதிதாக வடிவமைத்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி அமைந்தவை. ஆகும் செலவில் உங்கள் காரை விற்றுவிட்டு அடுத்த தலைமுறை ஒன்றை வாங்கலாம். விற்க மனமில்லை என்றால் நல்ல டாம்பரும் நல்ல டயரும் போட்டு ஓட்டுங்கள். அந்த வி8 இன்ஜினுக்காகவே வைத்திருக்கத் தகுந்த கார் அது.