கோயிலுக்கு எழுதி வைப்பது: பத்திரம் எழுதியவரிடம் கேளுங்கள்

கோபியில் முப்பது வருடம் பத்திரம் எழுதியவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்டவர்களின் ஊர்ப் பேரை முன்னால் போட்டிருக்கிறேன். வழக்கு நடக்கிற விஷயமென்றால் வக்கீலிடம் போங்கள்.

பெருந்துறை: எங்கள் அப்பாரு உயிலில் "மீதி சொத்து தர்மத்துக்கு" என்று எழுதியிருக்கிறார். போதுமா?

போதாது. வெறும் 'தர்மம்' என்றால் எது தர்மம் என்று கோர்ட்டால் முடிவு செய்ய முடியாது, செல்லாது என்று 1899-லேயே பிரிவி கவுன்சில் (வெள்ளைக்காரன் காலத்தில் லண்டனில் இருந்த மேல் கோர்ட்) சொல்லிவிட்டது. அப்பாரு நல்ல நினைவோடு இருந்தால் இன்றைக்கே மாற்றி எழுதச் சொல்லுங்கள். எந்த ஊர், எந்தச் சாமி, எதற்காக (விளக்கா, அன்னதானமா, தேர்த்திருவிழாவா) எல்லாம் வர வேண்டும். அந்தக் காரியம் நடத்த முடியாமல் போனால் அதே கோயிலில் வேறு எதற்குச் செலவழிக்கலாம் என்றும் ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரியை விட்டுவிட்டு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அவிநாசி: உயிலைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டுமா?

வேண்டியதில்லை. ஆனால் இரண்டு சாட்சி கட்டாயம். பதிவு செய்தால் பின்னால் சண்டை குறையும். கோயில் நிர்வாகியைச் சாட்சியாகப் போடாதீர்கள்.

பவானி: தோட்டத்தை இப்போதே கோயில் பேருக்கு எழுதிவிடலாமா, உயிலாக வைக்கலாமா?

உயிலை உயிருள்ளவரை எத்தனை முறையும் மாற்றலாம். தானப் பத்திரம் பதிவானால் நினைத்தபடி திரும்ப வாங்க முடியாது. மனசு மாறாது என்று எல்லோரும்தான் சொல்வார்கள், அப்புறம் ஆஸ்பத்திரிச் செலவு வரும். எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் 'என் ஆயுள் வரை நானே அனுபவித்துக்கொண்டு' என்ற வாசகத்தை விடாதீர்கள். பரம்பரைச் சொத்தென்றால் உங்கள் பங்குக்கு மேல் எழுத முடியாது, பெண் பிள்ளைகளுக்கும் அதில் பங்கு உண்டு. பாகம் பிரிக்காத பங்கை உயிலில் எழுதலாம், தானமாகக் கொடுத்தால் பொதுவாகச் செல்லாது.

காங்கேயம்: டெபாசிட் கட்டளையை (கோயிலில் பணம் கட்டி அதன் வட்டியில் காரியம் நடத்துவதை) விட நிலம்தானே நிலைக்கும்?
திருப்பூர் (இடையில்): நிலம் குத்தகைக்காரரிடம் போய்விடும் அண்ணா, பணமே மேல்.

இரண்டு பேரும் பாதி சரி. எங்கள் அப்புச்சி 1962-ல் ஒரு கோயிலில் விளக்குக்கு 500 ரூபாய் கட்டினார். 6 வட்டியில் வருடம் 30 ரூபாய். அன்றைக்கு எண்ணெய்க்குப் போதும், இன்றைக்குத் திரிக்குக்கூடப் பத்தாது. அந்தக் காலத்தவர்கள் கெட்டிக்காரர்கள். தஞ்சைக் கல்வெட்டில் ஒரு விளக்குக்கு 96 ஆடு விடுவார்கள், அதை மேய்ப்பவர் தினம் ஓர் உழக்கு நெய் கொடுக்க வேண்டும். ஆடு குட்டி போடும், மந்தை குறையாது. விலை ஏறினாலும் கவலை இல்லை!

நிலமும் அப்படித்தான், பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால். அறநிலையத்துறை நிர்வாகத்தில் வரும் கோயிலென்றால் 1959-ஆம் வருடச் சட்டப்படி ஆணையர் அனுமதியில்லாமல் விற்க முடியாது, ஐந்து வருடத்துக்கு மேல் குத்தகைக்கும் விட முடியாது. அது நல்ல காப்பு. குலதெய்வக் கோயிலென்றால் பத்திரம் யார் பேரில் என்று முதலில் பாருங்கள். சாமி பேரில் இருக்கட்டும், பங்காளி ஒருவர் பேரில் வேண்டாம்.

திருப்பூர்: அப்போ பணம் வேண்டாம்கிறீங்களா?

அப்படிச் சொல்லவில்லை தம்பி. பணமென்றால் வட்டி முழுவதையும் செலவழிக்காமல் ஒரு பங்கை முதலோடு சேர்க்கச் சொல்லி எழுதுங்கள்.

காங்கேயம்: நிலம்தான்.

சரிங்க, நிலம்தான்.

கோவை: சிஎஸ்ஐ சபைக்கு உயில் எழுதினால், சாவதற்கு ஒரு வருடம் முன்பே எழுதியிருக்க வேண்டும் என்கிறார்களே?

பழைய கதை, அம்மணி. நெருங்கிய சொந்தம் உள்ள கிறிஸ்தவர்களுக்கு மட்டும் இருந்த அந்தக் கட்டுப்பாட்டை 2003-ல் சுப்ரீம் கோர்ட் ரத்து செய்துவிட்டது. தைரியமாக எழுதுங்கள்.

உடுமலை: பள்ளிவாசலுக்கு எவ்வளவு எழுதலாம்?

இஸ்லாமியச் சட்டப்படி உயிலில் மூன்றில் ஒரு பங்குதான், அதற்கு மேலென்றால் வாரிசுகள் சம்மதம் வேண்டும். மற்ற விவரத்துக்கு ஜமாத்தையும் அது தெரிந்த வக்கீலையும் கேளுங்கள், அது என் துறை இல்லை.

சத்தியமங்கலம்: உயிலைப் பதிவு செய்ய வேண்டுமா?

அவிநாசிக்காரருக்குச் சொன்னதுதான்.

சென்னிமலை: ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரியில் கழிவு உண்டா?

2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமென்றால் நன்கொடைக் கழிவு (80ஜி என்பார்கள்) கிடையாது. எல்லாக் கோயிலுக்கும் 80ஜி இல்லை, ரசீதைப் பாருங்கள்.

தாராபுரம்: உயிலைக் கட்டாயம் ரிஜிஸ்டர்...

இல்லைங்க. இல்லை. சாட்சி இரண்டு.

தாராபுரம்: வெள்ளைத்தாளில் எழுதலாமா?

எழுதலாம். முத்திரைத்தாள் வேண்டாம்.