தகேதா கட்சுயோரி, அப்பா சேர்த்த அரசை அழித்த உதவாக்கரை மகன்தானா?

பதில் எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன், கேள்வியில் இருந்த அந்த 'உதவாக்கரை' விடவில்லை. பதினாறாம் நூற்றாண்டு ஜப்பானில் காய் நாட்டை ஆண்ட தகேதா வீட்டின் கடைசித் தலைவர் கட்சுயோரி. அவர் தோற்ற நாகஷினோ போர் பற்றி ஏதாவது காணொளி பார்த்துவிட்டுக் கேட்டிருப்பீர்கள். புலி மாதிரி அப்பா ஷிங்கென், துப்பாக்கி வரிசைக்குள் குதிரைகளை விட்ட மகன், கதை முடிந்தது. நானும் முதலில் அப்படித்தான் படித்தேன்.

கட்சுயோரி வாரிசாக வளர்க்கப்பட்டவரே இல்லை. நாலாவது மகன். அவருடைய அம்மாவைப் பெற்ற சுவா யோரிஷிகேயை 1542-ல் வீழ்த்தி, சாகவும் வைத்தவர் ஷிங்கென்தான். தகேதா வீட்டுப் பிள்ளைகளுக்கு வைக்கும் 'நொபு' இவர் பெயரில் கிடையாது, அம்மா வீட்டு 'யோரி'தான் இருக்கிறது. மூத்தவன் யோஷினொபு, அப்பாவுக்கு எதிராகச் சதி செய்ததாகச் சிறைவைக்கப்பட்டு 1567-ல் செத்த பிறகுதான் முறை இவர் பக்கம் வந்தது. 1573-ல் ஷிங்கென் சாகும்போதும், பேரன் நொபுகாட்சு (கட்சுயோரியின் மகன்) பெரியவனாகும் வரை இவர் காவலாக இருக்கட்டும், தகேதா கொடியை இவர் பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனதாக, தகேதா வீட்டின் கதையைச் சொல்லும் பழைய நூலான 'கோயோ குன்கன்' சொல்கிறது. அப்பா காலத்துத் தளபதிகள் நடுவில் இப்படி உட்கார்த்திவைக்கப்பட்டவனை யார் முழு மனதோடு தலைவனாக ஏற்பார்கள்?

இது எனக்கு ஏன் சுடுகிறது என்றால், அப்பா 2009-ல் போனபோது அவருடைய அச்சகம் என் கைக்கு வந்தது. ஒரு ஆப்செட் மிஷின், ஒரு கட்டிங் மிஷின், ஏழு ஆட்கள். கல்யாணப் பத்திரிகையும் பில் புக்கும்தான் சோறு போட்டது. புது மிஷின் எடுக்கலாமா என்று கேட்டால் "முதலாளி இருந்தா இதுக்கு ஒத்துக்க மாட்டார்" என்பார்கள், எடுக்காமல் விட்டால் "முதலாளி இருந்தா எப்பவோ எடுத்திருப்பார்" என்பார்கள். இரண்டையும் ஒரே வாயால் கேட்டிருக்கிறேன். இதற்கு நடுவில் தேர்தல் நோட்டீஸ் அடித்துக்கொண்டு போனவர்கள் பாக்கி வேறு, பேப்பர் கடைக்காரருக்கு நான் ரொக்கமாகக் கொடுத்த பணம், இன்றுவரை வரவில்லை. தோரணத்துக்கும் மேடைக்கும் பணம் இருக்கும், அச்சடித்தவனுக்கு மட்டும் இருக்காது. சரி, அது வேறு கதை. 2016-ல் அச்சகத்தை மூடினேன். எங்கள் தெருவில் எல்லோரும் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள், அப்பன் சேர்த்ததை மகன் அழித்தான்.

'உன் அச்சகமும் ஒரு அரசும் ஒன்றா' என்று யாராவது வருவீர்கள். ஒன்று என்று நான் சொல்லவே இல்லை. நாகஷினோவில் தப்பு கட்சுயோரியுடையதுதான், அதையும் மறைக்கவில்லை. 1575-ல் எதிரித் தலைவர்களான ஓதா நொபுனாகாவும் தொகுகாவா இயேயாசுவும் வேலி அடித்துக் காத்திருந்த இடத்தில், தன்னைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரிய படையோடு மோதினார். யாமகாதா, பாபா, நைதோ என்று அப்பா காலத்துப் பெருந்தலைகள் அங்கேயே போனார்கள். ஆனால் அதற்கு முந்தின வருஷம், ஷிங்கென் கைக்கே வராத தகதென்ஜின் கோட்டையைப் பிடித்தவரும் இதே மகன்தான். தோற்ற பிறகும் ஏழு வருஷம் தாக்குப்பிடித்தார், கிழக்கே கோசுகே பக்கம் நிலத்தைப் பெருக்கவும் செய்தார். என்னைக் கேட்டால் அவரைக் கவிழ்த்தது, பக்கத்து நாட்டு உயேசுகி வீட்டில் 1578-ல் வந்த வாரிசுச் சண்டை. அதில் காகெகாட்சு பக்கம் சாய்ந்தார்; எதிர்ப்பக்கம் நின்றவர் ஹோஜோ வீட்டிலிருந்து தத்துப்போன பிள்ளை, அதனால் கட்சுயோரிக்குப் பெண் கொடுத்த ஹோஜோ வீடே பகையாகிவிட்டது. 1581-ல் தகதென்ஜினை இயேயாசு முற்றுகையிட்டபோது உதவிப் படை அனுப்ப முடியவில்லை. உள்ளே இருந்தவர்கள் செத்தார்கள், மற்ற கோட்டைக்காரர்கள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்புறம் 1582. தகேதா பக்கம் இருந்த கிசோ யோஷிமசா எதிரி பக்கம் மாறினார், சொந்தக்காரர் அனயாமாவும் அந்தப் பக்கமே போனார். புதிதாகக் கட்டிய ஷின்பு கோட்டைக்குக் கட்சுயோரியே தீ வைத்துவிட்டு, தன் தளபதி ஒயாமதா நொபுஷிகேயை நம்பிக் கிளம்பினால் அவரும் வழியை அடைத்துவிட்டார்.

2018-ல் டோக்கியோவில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனபோது தகேதா வீட்டின் பழைய தலைநகரான கோஃபுவுக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். ஸ்டேஷன் வாசலிலேயே ஷிங்கென், கையில் போர் விசிறியோடு பெரிய வெண்கலச் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். அவர் பேரில் மோச்சி இனிப்பு கடை கடையாக விற்கிறது. திரும்பும் வழியில் காய்-யமாதோ என்ற சின்ன ஸ்டேஷனில் இறங்கி, மலைச்சாலையில் நடந்தே கெய்தோகுயின் கோயிலுக்குப் போனோம். கட்சுயோரி செத்த 'தானோ' என்ற ஊர் அதுதான். அந்தக் கோயிலைக் கட்டவைத்தவர், அவரை எதிர்த்துப் போரிட்ட இயேயாசு. மூன்று பேரும் உயிர்விட்டதாகச் சொல்லும் கற்களைக் காட்டுகிறார்கள். பிறந்ததுமே ஒரு வயது என்று எண்ணும் பழைய ஜப்பானியக் கணக்கில் கட்சுயோரிக்கு 37 வயது, மகன் நொபுகாட்சுவுக்கு 16, ஹோஜோ வீட்டிலிருந்து வந்த மனைவிக்கு 19.

அந்தப் பெண்ணைத் தாய்வீட்டுக்குத் திரும்பிப்போகச் சொன்னாராம், அவள் போகவில்லை. அதற்குச் சில வாரம் முன்னால், புருஷனைக் காப்பாற்றச் சொல்லித் தகேதா ஹச்சிமான் கோயிலில் அவள் எழுதிவைத்த வேண்டுதல் கடிதம் இன்னும் இருக்கிறது.

அந்தக் கற்கள் பக்கத்தில் நின்றபோது எனக்கு எங்கள் பைண்டிங் அக்கா ஞாபகம்தான் வந்தது. இரண்டு மாதச் சம்பளம் பாக்கி இருந்தும், மூடுகிற நாளன்று ஒரு ஸ்கூல் நோட்டு ஆர்டரைத் தைத்து முடித்து, வெட்டி, கட்டுக் கட்டி வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.