லேபில் மகள் பிளாஸ்டர் மட்டுமே கலக்குகிறாளா?

பல் தொழில்நுட்பம் படிக்கும் மகளை லேப் பயிற்சிக்கு அனுப்பியிருக்கிறீர்கள். போன நாளிலிருந்து, நோயாளியின் வாயில் எடுத்த பல் அச்சில் பிளாஸ்டர் ஊற்றத்தான் விடுகிறார்களாம். சம்பளமில்லாத ஆளாக வைத்துக்கொண்டார்களோ என்று கேட்கிறீர்கள். சந்தேகம் நியாயம்தான். ஆனால் பிளாஸ்டரை வைத்து மட்டும் அந்த முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

இப்படிப் பல்லின் மாடல் வார்ப்பது எடுபிடி வேலை போலத்தான் தெரியும், ஆனால் தவறு நேர வாய்ப்பு அதிகம். ஆல்ஜினேட் என்ற பசையில் எடுத்த அச்சை அப்படியே திறந்து வைத்தால் ஈரம் போய்ச் சுருங்கிவிடும், தண்ணீரில் ஊறப்போட்டால் ஊதிவிடும். வார்க்கும்போது, கிரவுன் (பல் உறை) மாட்டுவதற்காக ராவிய பல்லின் விளிம்பில் ஒரு காற்றுக் குமிழி சிக்கிக்கொண்டது என்று வையுங்கள். மாடலில் அந்த இடம் பள்ளமாகிவிடும். அதைக் கவனிக்காமல் கிரவுன் செய்தால் மாடலில் அழகாக உட்காரும், நோயாளியின் வாயில் இறங்காமல் முட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கிரவுன் லேபுக்குத் திரும்பி வரும்.

அப்படித் திரும்பி வரும்போது உங்கள் மகளைக் கூப்பிட்டுக் காட்டுகிறார்களா? நான் முதலில் கேட்பது இதைத்தான். அவள் வேலை எங்கே தவறியது என்று ஒரு மூத்த டெக்னீஷியன் பக்கத்தில் நின்று சொல்லும் இடம் என்றால், பிளாஸ்டர் ஊற்றினாலும் அது படிப்புதான். யாரும் பார்க்காமல், பயிற்சி முடியும்வரை அதே வேலையிலேயே விட்டுவைத்தால் உங்கள் சந்தேகம் சரி.

கணினியில் வடிவமைக்கும் பெரிய லேபுக்கு மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கணினியில் வடிவமைத்து இயந்திரத்தில் வெட்டும் கேட்-கேம் முறை தெரிந்திருக்க வேண்டியதுதான், மறுக்கவில்லை. சிர்கோனியா என்ற செராமிக்கில் செய்யும் கிரவுனை 20 முதல் 25 சதவீதம் வரை பெரிதாக வெட்டி, சுமார் 1,500 டிகிரி செல்சியஸ் உலையில் சுருக்கிச் சரியான அளவுக்குக் கொண்டுவருவதைக் கண்ணால் பார்ப்பதே ஒரு பாடம். ஆனால் மெழுகில் ஒரு கடைவாய்ப் பல்லைக் கையால் செதுக்காதவர்களுக்கு, திரையில் வரும் பல்லில் என்ன குறை என்றே தெரியாது. அதனால், வாய்ப்பிருந்தால், முதல் பயிற்சி கைவேலை அதிகமுள்ள சின்ன லேபில் இருப்பதே நல்லது என்பேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். உலோகமும் செராமிக்கும் அரைக்கும் மேசையில் தூசி உறிஞ்சும் கருவி இருக்க வேண்டும். உலோகம் வார்த்த அச்சை உடைக்கும்போது கிளம்பும் சிலிக்கா தூசி நுரையீரலில் தங்கிவிடும், சாதாரணத் துணி மாஸ்க் அதற்குப் போதாது. பல்செட் செய்யப் பயன்படும் அக்ரிலிக் திரவம் லேடக்ஸ் கையுறையைச் சீக்கிரமே ஊடுருவும், தோலில் ஒவ்வாமையும் வரும். மருத்துவமனையிலிருந்து வரும் அச்சுகளைக் கிருமிநீக்கம் செய்யாமல் கையில் எடுக்கச் சொல்லக் கூடாது. இவை இல்லையென்றால் எவ்வளவு பெயர்பெற்ற லேபானாலும் வேண்டாம்.

சரி, இப்போது என்ன செய்வது? நீங்கள் லேபுக்குப் போன் போட வேண்டாம், அது அவளுக்குத்தான் சங்கடம். லாக்புக்கில் தினமும் என்ன செய்தாள், எது திரும்பி வந்தது, ஏன் என்று எழுதச் சொல்லுங்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டு, "அடுத்து வாக்ஸ்-அப் (மெழுகில் பல் செதுக்குவது) பழக விடுவீர்களா" என்று அவளே மேற்பார்வையாளரிடம் கேட்கட்டும். மழுப்பலான பதில்தான் வந்தால், அதே லாக்புக்கோடு கல்லூரியின் பயிற்சி ஒருங்கிணைப்பாளரைப் பார்க்கட்டும். இடம் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கவும் அந்தக் குறிப்புகளே போதும்.