புழு மாத்திரை கொடுத்தும் சோகை தீராதது ஏன்?

கேள்வி: என் மூன்று வயது மகனுக்கு அங்கன்வாடியில் குடற்புழு மாத்திரை கொடுத்தார்கள். ஆனாலும் வெளுத்தே இருக்கிறான், மண்ணையும் தின்கிறான். இரும்புச்சத்து டானிக் கொடுக்கலாமா? மலேரியா உள்ள ஊர்களில் அது ஆபத்து என்கிறார்களே?
– ஒரு வாசகி, தருமபுரி மாவட்டம்

பதில்: அங்கன்வாடியில் கொடுக்கும் அல்பெண்டசோல் என்ற குடற்புழு மாத்திரை புழுவைக் கொல்லுமே தவிர, இழந்த இரத்தத்தை ஈடு செய்யாது. மலம் கலந்த ஈரமண்ணில் வெறுங்காலோடு நடக்கும் குழந்தையின் தோலைத் துளைத்து நுழையும் கொக்கிப்புழு, நுரையீரல் வழியாகச் சிறுகுடலை அடைந்து, அதன் சுவரைக் கவ்விக்கொண்டு, வகையைப் பொறுத்து நாளொன்றுக்கு 0.03 முதல் 0.2 மில்லிலிட்டர் வரை இரத்த இழப்பை உண்டாக்குகிறது. ஒரு புழுவுக்கே இந்தக் கணக்கு. மண் தின்பது பெரும்பாலும் இரும்புக் குறைவின் அறிகுறி. அதற்காகப் பிள்ளையை அடிக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். இந்த வயதில் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் சோகைதான்.

மலேரியா பற்றிய அச்சம் ஆதாரமற்றதன்று. தான்சானியாவின் பெம்பா தீவில், இரும்பும் போலிக் அமிலமும் பெற்ற சிறு குழந்தைகளிடையே கடும் நோயும் இறப்பும் கூடியதாக 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்போது மலேரியா ஓயாது பரவிய இடம் அது. ஆகவே நடுக்கத்துடன் காய்ச்சல் இருந்தால் முதலில் இரத்தப் பரிசோதனையும் சிகிச்சையும் நடக்கட்டும். காய்ச்சல் இல்லையென்றால், மருத்துவர் சொல்லும் அளவில் டானிக்கைத் தயங்காமல் கொடுங்கள். ஆனால் தேநீரோடு சேர்த்துக் கொடுக்க வேண்டாம். டானிக்கால் மலம் கறுத்துப் போகும். அதைக் கண்டு பயந்து நிறுத்திவிடாதீர்கள்.