கடலின் ஆழமும் காற்றின் போக்கும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எல் நினோவைத் தொடங்கி வைப்பது கடலா, காற்றா?

பதில்: கிழக்குப் பசிபிக்கின் மேல்நீர் வழக்கத்தைவிடச் சூடேறும் நிலையே எல் நினோ. கடல், காற்று இரண்டில் ஒன்றைக் காரணமென்றும் மற்றொன்றை விளைவென்றும் இங்கே பிரிக்க இயலாது. பசிபிக் பெருங்கடலின் நிலநடுக்கோட்டுப் பகுதியில், வழக்கமான ஆண்டுகளில், வர்த்தகக் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசி வெப்பமான மேல்நீரை இந்தோனேசியப் பக்கமாகத் தள்ளிச் சேர்க்கிறது. தென் அமெரிக்கக் கரையோரத்தில் விலகிய நீரின் இடத்தை நிரப்ப, ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலேறி வருகிறது. மேற்குக் கடல் சூடாகவும் கிழக்குக் கடல் குளிர்ந்தும் இருப்பதால் இரு பக்கத்துக் காற்றழுத்தமும் வேறுபடுகிறது. அந்த வேறுபாடே வர்த்தகக் காற்றுக்கு மேலும் வலுவூட்டுகிறது. ஏதோ ஒரு காரணத்தால் காற்று தளர்ந்தால் இதே தொடர் எதிர்ப்பக்கமாக ஓடத் தொடங்கும்: வெப்பநீர் கிழக்கே நகரும், அழுத்த வேறுபாடு குறையும், காற்று இன்னும் தளரும்.

அழுத்தம் இப்படி ஊசலாடுவதை வானிலை ஆய்வாளர் கில்பர்ட் வாக்கர் 1920-களிலேயே விவரித்திருந்தார். அதைக் கடலின் வெப்பத்தோடு இணைத்து, ஒன்றையொன்று தூண்டும் ஒரே இயக்கமாக 1969-இல் விளக்கியவர் மற்றொரு வானிலை ஆய்வாளரான ஜேக்கப் பியர்க்னஸ். இன்றைய முன்கணிப்புக்கு அடிப்படையும் இந்த இணைப்புதான். மேற்குப் பசிபிக்கில் சில நாட்கள் எதிர்த்திசைக் காற்று பலமாக வீசினால், கடலின் மேற்பரப்புக்குக் கீழே ஒரு வெப்பநீர் அலை கிளம்பி, இரண்டு மூன்று மாதங்களில் தென் அமெரிக்கக் கரையை அடைகிறது. மேற்பரப்பு வெப்பமானி எதையும் காட்டாத அந்த மாதங்களில், ஆழத்தில் மிதவைகள் எடுக்கும் அளவீடுகள் வரப்போவதை முன்கூட்டியே சொல்லிவிடும்.

கேள்வி: எல் நினோ ஆண்டில் இந்தியாவில் பருவமழை கட்டாயம் பொய்த்துவிடுமா?

பதில்: இல்லை. எல் நினோ வறட்சிக்கான வாய்ப்பைக் கூட்டுகிறது, தீர்ப்பு எழுதுவதில்லை. 20-ஆம் நூற்றாண்டின் மிக வலுவான எல் நினோக்களுள் ஒன்று நிலவிய 1997-இல் இந்தியத் தென்மேற்குப் பருவமழை ஏறத்தாழ இயல்பான அளவிலேயே பெய்தது. அதைவிட மிதமான எல் நினோ நிலவிய 2002-இலோ கடும் வறட்சி ஏற்பட்டது. 1997-இல் இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி சூடேறி, சுமத்ராவை ஒட்டிய கிழக்குப் பகுதி குளிர்ந்திருந்தது. இருமுனை நிகழ்வு எனப்படும் இந்நிலை எல் நினோவின் பாதிப்பை ஓரளவு ஈடுசெய்தது என்பது ஆய்வாளர் பலரின் விளக்கம். இதே நிலை மிக வலுவாக அமைந்த 2019-இல் கிழக்கு ஆப்பிரிக்காவில் பெருவெள்ளமும் ஆஸ்திரேலியாவில் கடும் வறட்சியும் நேர்ந்தன. எனவே பசிபிக்கை மட்டும் பார்த்துவிட்டு ‘இந்த ஆண்டு மழை இல்லை’ என்று அறிவிப்பவர்களை நம்பிப் பயிர்த் திட்டம் வகுப்பது சரியன்று.

கேள்வி: கடல்நீரின் வெப்பம் 26.5 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் புயல் உருவாகிவிடும் என்பது உண்மையா? சில புயல்கள் ஒரே நாளில் பயங்கரமாக வலுப்பெறுவது எப்படி?

பதில்: அந்த அளவு தேவையான நிபந்தனைகளில் ஒன்று மட்டுமே. வளிமண்டலத்தின் நடு அடுக்குகளில் ஈரப்பதம் வேண்டும்; உயரத்துக்கு உயரம் காற்றின் திசையும் வேகமும் பெரிதாக மாறாதிருக்க வேண்டும்; புவிச்சுழற்சியின் விளைவு போதுமான அளவு இருக்க, நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 5 பாகையாவது விலகியிருக்க வேண்டும். இவை அனைத்தும் கூடிய பிறகே கடல் எரிபொருள் தருகிறது. ஆவியாகும் நீர் கடலின் வெப்பத்தை எடுத்துச் சென்று, மேலே மேகமாகக் குளிரும்போது அதை வெளியிடுகிறது; அந்த வெப்பமே புயலை இயக்குகிறது.

இரண்டாவது கேள்விக்கான விடை பெரும்பாலும் கடலின் ஆழத்தில் இருக்கிறது. பலத்த காற்று கடலைக் கலக்கிக் கீழேயுள்ள குளிர்நீரை மேலே கொண்டுவருவதால், புயல் தன் எரிபொருளைத் தானே குறைத்துக்கொள்கிறது. மெதுவாக நகரும் புயல் இதனால் நலிந்துபோவதும் உண்டு. வெப்பநீர் ஆழம்வரை தடித்த அடுக்காக இருந்தாலோ, எவ்வளவு கலக்கினாலும் மேலே வருவதும் வெப்பநீரே. 2005-இல் கத்ரீனா புயல், மெக்சிகோ வளைகுடாவில் அத்தகைய தடித்த வெப்பநீர் கொண்ட நீரோட்டப் பகுதிமீது சென்றபோது கடுமையாக வலுப்பெற்றது. வங்காள விரிகுடாவில் வேறொரு வழியும் உண்டு: பெரிய ஆறுகள் கொண்டுவரும் நன்னீர் கனமான உப்புநீரின்மேல் மெல்லிய அடுக்காகப் படர்ந்து, மேலும் கீழும் கலப்பதைத் தடுக்கிறது; மேற்பரப்பு குளிர்வதும் அதனால் குறைகிறது.

24 மணி நேரத்தில் காற்றின் வேகம் மணிக்கு 55 கி.மீ. அல்லது அதற்கு மேல் கூடுவதை ‘விரைவாக வலுப்பெறுதல்’ என வகைப்படுத்துகிறார்கள். 2023 அக்டோபரில் ஓட்டிஸ் புயல் இதைப் போல மூன்று மடங்குக்கு மேல் வேகம் கூடி, மெக்சிகோவின் அகபுல்கோ அருகே மிக உயர்ந்த 5-ஆம் வகைப் புயலாகக் கரையைக் கடந்தது. முன்கணிப்புகள் அதன் வேகத்துக்கு ஈடுகொடுக்கவில்லை. வெப்பநீர் விரிவதால் அதன் மேற்பரப்பு சற்றே உயர்ந்திருக்கும் என்பதைக் கொண்டு, வெப்ப அடுக்கின் தடிமனைச் செயற்கைக்கோள்கள் மதிப்பிடுகின்றன. புயல் குறித்த செய்திகளில் மேற்பரப்பு வெப்பநிலையோடு இந்த மதிப்பீட்டையும் வெளியிடுவது வழக்கமாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி: புவி வெப்பமாவதைப் பேசும்போது காற்றின் சராசரி வெப்பநிலையைவிடக் கடலை ஏன் பெரிதாகச் சொல்கிறீர்கள்?

பதில்: புவியில் கூடுதலாகத் தங்கும் வெப்பத்தில் 90 சதவீதத்துக்கு மேல் கடலுக்குள்தான் போகிறது. கடலின் மேல் 3 மீட்டர் நீரே முழு வளிமண்டலத்துக்கு ஈடான வெப்பத்தைத் தாங்கவல்லது. உலகக் கடல்களை அளக்கும் ஆர்கோ திட்டத்தின் ஏறத்தாழ 4,000 மிதவைகள் 10 நாட்களுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழம்வரை அளந்து தரும் கணக்கு, ஆண்டுக்காண்டு ஏறி இறங்கும் காற்று வெப்பநிலையைவிட நம்பத்தக்கது.

கேள்வி: புயலின்போது கடல் ஊருக்குள் புகுவதும் சுனாமியும் ஒன்றா?

பதில்: வேறு வேறு. புயல் எழுச்சியில், மையத்தில் அழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் உயரும். ஆழமற்ற கரையை நோக்கிக் காற்று நீரைத் தள்ளிக் குவிப்பதே பெரும்பங்கு. 1970 நவம்பரில் இன்றைய வங்கதேசத்தைத் தாக்கிய போலா புயலில் குறைந்தது 3 இலட்சம் பேர் மாண்டதற்கு முதன்மைக் காரணம் காற்றன்று, இந்த நீர்தான். கடல் பொங்கும் உயர் ஓத நேரமும் அதனோடு சேர்ந்தால் அபாயம் பன்மடங்காகும். எச்சரிக்கை அறிவிப்பில் காற்றின் வேகத்தை மட்டும் பார்க்காமல், எதிர்பார்க்கப்படும் நீர்மட்டத்தையும் அது வரும் நேரத்தையும் கேட்டறியுங்கள்.

சுனாமி பெரும்பாலும் கடலடி நிலநடுக்கத்தால் வருவது. ஆயினும் வளிமண்டலமும் அதை எழுப்ப வல்லது. 2022 ஜனவரி 15 அன்று தென் பசிபிக்கில் ஹுங்கா டோங்கா எரிமலை வெடித்தபோது, காற்றில் பரவிய அழுத்த அலை தான் கடந்த கடல்களில் சிறு சுனாமி அலைகளை எழுப்பியது. அவை வழக்கமான கணக்கைவிட முன்னதாகவே தொலைதூரக் கரைகளை அடைந்தன. நில அதிர்வை முதன்மையாக நம்பி அமைக்கப்பட்ட எச்சரிக்கை முறைகளோடு காற்றழுத்த அளவீடுகளையும் இணைக்க வேண்டிய தேவையை அந்நிகழ்வு தெளிவாக்கியது.